பிடித்து நிறுத்தக் கையெழுத்துக் கேட்கும் படிவம்

கேரளத்தில் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறைப் பக்கத்திலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கும் கேள்வியின் சுருக்கம் இது. அவருடைய 14 வயது மகனுக்கு ஆட்டிசமும் அறிவுசார் குறைபாடும் உண்டு. பேச்சு நாலைந்து சொற்கள்தான். மனம் கொதித்துவிட்டால் தன் கையையே கடித்துக்கொள்கிறான், சுவரில் தலையை மோதுகிறான், அருகில் இருப்பவரின் தலைமுடியைப் பற்றி இழுக்கிறான். அவன் படிக்கும் சிறப்புப் பள்ளியில், தேவைப்படும்போது அவனைப் பிடித்து நிறுத்துவதற்குப் பெற்றோரின் ஒப்புதல் கேட்டு மலையாளத்தில் ஒரு படிவம் கொடுத்திருக்கிறார்கள். பாசிட்டிவ் பிஹேவியர் சப்போர்ட் என்ற முறையைத்தான் தாங்கள் பின்பற்றுவதாகவும் சொல்கிறார்களாம். "பிள்ளையை அமுக்கிப் பிடிப்பதில் பாசிட்டிவ் என்ன இருக்கிறது? கையெழுத்துப் போடலாமா, கூடாதா?" என்பது அவர் கேள்வி.

பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலுகாவில் சிறப்புக் கல்வி ஆசிரியராக இருபது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்தவன் என்ற முறையில் என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிடித்து நிறுத்தவே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். பொள்ளாச்சி சாலையில் லாரி வரும்போது குறுக்கே ஓடும் பிள்ளையை எட்டிப் பிடிக்காதவர் பொறுப்பற்றவர். ஆனால், எப்போது எப்படிப் பிடிப்போம் என்பது மட்டும் எழுதப்பட்டு, பிடிக்கவேண்டிய நிலையே வராமலிருக்க என்னென்ன செய்வோம் என்பது எழுதப்படாத படிவத்தில் நீங்கள் கையெழுத்துப் போட வேண்டாம். அத்தகைய தாளுக்கும் பாசிட்டிவ் பிஹேவியர் சப்போர்ட்டுக்கும் தொடர்பில்லை. பெயரை மட்டும் கடன் வாங்கியிருக்கிறார்கள்.

நேர்மறை நடத்தை ஆதரவு என்று தமிழில் சொல்லக்கூடிய இந்த முறை 1980களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் உருவெடுத்தது. அதற்கு முன்பு, தன்னைத் தானே அடித்துக்கொள்ளும் பிள்ளைகளை நிறுத்துவதற்கு மின்னதிர்ச்சி கொடுப்பது, அம்மோனியாவை மூக்கருகே நீட்டுவது போன்ற தண்டனைகளைச் சிகிச்சை என்ற பெயரில் செய்துவந்த இடங்கள் அங்கே இருந்தன. அதற்கு எதிராகக் கிளம்பியவர்கள் வேறொரு கேள்வியைக் கேட்டார்கள்: இந்த நடத்தையால் பிள்ளைக்கு என்ன கிடைக்கிறது? எட்வர்ட் கார், மார்க் டியூராண்ட் என்ற இரு ஆய்வாளர்கள் 1985இல் வெளியிட்ட ஆய்வில், அடித்தும் கத்தியும் பெற்றுவந்த உதவியையோ கவனத்தையோ ஒரு சிறு வாக்கியத்தால் கேட்கும்படி பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்தபோது, அடிப்பதும் கத்துவதும் குறைந்ததைக் காட்டினார்கள். இந்த முறை முழுவதும் நிற்பது இந்த எளிய கண்டுபிடிப்பின் மேல்தான். நடத்தை என்பது ஒரு பேச்சு. அதே செய்தியைச் சொல்ல அதைவிட எளிய, வலியில்லாத வழி கிடைத்தால் பிள்ளை அந்த வழிக்கு மாறிக்கொள்ளும்.

எனக்கு இது புரிந்த விதத்தைச் சொல்கிறேன். என்னிடம் இருந்த ஒரு பையன் பெரும்பாலான நாட்களில் மதியத்துக்குச் சற்று முன்பாகத் தலையில் அடித்துக்கொண்டு கத்துவான். சாப்பாடு தாமதமாவதால் பசிக் கோபம் என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தோம். ஒரு நோட்டில் மூன்று கோடு போட்டு, நடப்பதற்கு முன் என்ன, நடந்தது என்ன, அதற்குப் பின் என்ன என்று இரண்டு வாரம் எழுதிப் பார்த்தபோதுதான், அவன் கத்தத் தொடங்கும் நேரம் பதினொன்று நாற்பது என்பதும், அந்த நேரத்தில்தான் அடுத்த அறையில் எவர்சில்வர் தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகிறார்கள் என்பதும் தெரிந்தது. தட்டுகளுக்கு நடுவே ஒரு துண்டை மடித்து வைக்கச் சொன்னோம். அந்த மாதத்தில் அவனைப் பிடிக்கவேண்டிய தேவை ஒரே ஒரு முறைதான் வந்தது. அதுவும் வல்லங்கி வேலா என்ற கோயில் திருவிழாவுக்கு ஒத்திகைபோல எங்கோ கதினா வெடி வெடித்த நாளில். பங்குனி மாதத்தில் இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஏன் இவ்வளவு தொல்லை என்று கேட்பவர்கள், திருவிழாக் கணக்கைப் பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

உங்கள் மகனுக்கும் இப்படி ஒரு பதிவு முதலில் வேண்டும். அதற்கும் முன்னால் ஒரு மருத்துவரிடமும் பல் மருத்துவரிடமும் அவனைக் காட்டிவிடுங்கள். பேசத் தெரியாத பிள்ளை தலையை மோதுவதற்குச் சொத்தைப் பல்லும் காதுச் சீழும் மலச்சிக்கலும் காரணமாக இருந்ததை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். வலியால் துடிக்கும் பிள்ளையைப் பிடித்து நிறுத்துவதைப்போலக் கொடுமை வேறில்லை. அதைச் செய்தவர்களில் நானும் ஒருவன்.

இனி, பிடிப்பது ஏன் இவ்வளவு எச்சரிக்கைக்குரியது என்று பார்ப்போம். வேலைக்குச் சேர்ந்த ஆறாம் ஆண்டில், அப்போது நான் இருந்த ஓர் இல்லத்தில், 16 வயதுப் பையன் ஒருவன் கண்ணாடியை உடைக்கப் போனபோது மூன்று பேர் சேர்ந்து அவனைப் பாயில் குப்புறப் படுக்கவைத்தோம். நான் கால்களைப் பிடித்திருந்தேன். அவன் உடம்பை முறுக்க முறுக்க நாங்கள் இன்னும் இறுக்கினோம். சமையல் செய்யும் அக்கா வாசலில் நின்று, "பையன் மூஞ்சியப் பாருங்க சார், உதடெல்லாம் நீலம் பாஞ்சிருக்கு" என்று கத்தியபிறகுதான் கையை எடுத்தோம். நல்லவேளையாக அவன் மூச்சு திரும்பியது. எங்கள் மூவருக்கும் தெரியாதது அந்த அக்காவுக்குத் தெரிந்ததற்குக் காரணம், அவர் யாரையும் பிடிக்காமல் பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தார் என்பதுதான். அன்று பதிவேட்டில் நாங்கள் எழுதியது: "பையன் பத்து நிமிடத்தில் அமைதியானான்."

குப்புறப் படுத்திருப்பவரின் முதுகிலோ தோளிலோ எடை விழுந்தால் விலாவும், மூச்சை இழுக்கும் தசையான உதரவிதானமும் விரிய இடமிருக்காது. ஏற்கெனவே போராடிக் களைத்த உடம்புக்கு வழக்கத்தைவிட அதிகமான காற்று வேண்டும், கிடைப்பதோ குறைவு. காற்றுக்காக அவர் திமிறுவதை எதிர்ப்பு என்று எண்ணி மேலும் அழுத்துவார்கள். மரணம் நேர்ந்த பல நிகழ்வுகளில் இதுதான் நடந்திருக்கிறது. உட்காரவைத்துத் தலையை முழங்காலை நோக்கிக் குனியவைத்துப் பிடிப்பதும் அதே ஆபத்துடையது. பேச்சு வரும் ஒருவர் "மூச்சு முட்டுகிறது" என்றாவது சொல்வார். உங்கள் மகனால் அதையும் சொல்ல முடியாது. வலிப்பு, ஆஸ்துமா, இதயக் கோளாறு, உடல் பருமன் ஆகியவை இருந்தால் ஆபத்து கூடும். டவுன் சிண்ட்ரோம் உள்ள சிலருக்குக் கழுத்தெலும்பின் மேல் மூட்டு தளர்ந்திருப்பதால் கழுத்தை வளைப்பதே கேடு. ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் கடுங்கோபத்துக்கு ரிஸ்பெரிடோன் போன்ற மாத்திரைகளைக் கொடுப்பதுண்டு. அவற்றால் பசி கூடி எடை ஏறும் என்பதையும், ஏறிய எடை பிடித்து நிறுத்தும்போது மூச்சுக்கு எதிராக வேலை செய்யும் என்பதையும் இரண்டு பக்கமும் பேசிக்கொள்ளாத மருத்துவரும் பள்ளியும் கவனிப்பதில்லை. இந்தப் பகுதியில் மருத்துவர் கோயம்புத்தூரிலும் பள்ளி பாலக்காடு மாவட்டத்திலும் இருப்பது வழக்கமாதலால், இந்தச் செய்தியைச் சுமந்து செல்லும் பொறுப்பு உங்களுடையதாகிவிடுகிறது.

இது எங்கோ ஓரிரு இடத்தில் நடந்த விபத்தும் அன்று. அமெரிக்காவில் ஹார்ட்ஃபோர்ட் கூரன்ட் என்ற நாளிதழ் 1998இல், பிடித்தோ கட்டியோ தனிமையில் அடைத்தோ வைக்கப்பட்டபோதும் அதன் பின்னரும் பத்தாண்டுகளில் இறந்தவர்களைத் தேடிக் கணக்கெடுத்தபோது 142 பேர் வந்தார்கள். இங்கிலாந்தில் பிரிஸ்டல் அருகே வின்டர்போர்ன் வியூ என்ற தனியார் மருத்துவமனையில் அறிவுசார் குறைபாடு உடையவர்களை ஊழியர்கள் தரையில் போட்டு வதைத்ததை 2011இல் தொலைக்காட்சி மறைகேமராவில் எடுத்துக் காட்டியது. அதன் தொடர்ச்சியாக 2014இல் வந்த அரசு வழிகாட்டுதல், மூச்சையோ இரத்த ஓட்டத்தையோ பாதிக்கும் விதத்தில், குறிப்பாகக் குப்புறப் போட்டு, யாரையும் வேண்டுமென்றே பிடிக்கக் கூடாது என்றது. நம் பக்கத்தில் 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி ஏர்வாடியில் மனநோயாளிகள் காப்பகம் ஒன்று தீப்பற்றியபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் கருகிய செய்தியை உங்கள் வயதினர் மறந்திருக்கமாட்டீர்கள்.

உடலுக்கு வரும் ஆபத்து ஒருபுறம். அதைவிட நுட்பமான இன்னொன்று இருக்கிறது. இதைப் பற்றி எங்கள் தொழிலில்கூட அதிகம் பேசுவதில்லை. பிடித்து நிறுத்தியவுடன் பிள்ளை களைத்து அடங்கிவிடுகிறது. பிடித்த ஆசிரியருக்கு அது வெற்றியாகத் தெரிகிறது. அடுத்த முறை அவர் கை இன்னும் சீக்கிரம் நீளுகிறது. அதாவது, பழக்கப்படுத்தப்படுவது ஆசிரியர். பிள்ளைக்கோ, சில சமயம் இறுக்கமான அணைப்பே உடம்புக்கு இதமாக இருந்துவிடுகிறது. அல்லது நாள் முழுக்க யாரும் அருகே வராத பிள்ளைக்குத் தலையை மோதினால் மூன்று பேர் ஓடிவருகிறார்கள் என்பது தெரிந்துபோகிறது. அல்லது பிடிக்கப்பட்டால் எழுத்து வேலையிலிருந்து விடுதலை என்று ஆகிவிடுகிறது. இப்படிப் பிடிப்பதே பரிசாக மாறிய பிள்ளைக்கு நடத்தை கூடுமே ஒழியக் குறையாது. ஒரு மாதப் பதிவேட்டை எடுத்துப் பிடித்த தடவைகளை எண்ணுங்கள். எண்ணிக்கை குறையவில்லையென்றால் திருத்தவேண்டியது பையனை அன்று, திட்டத்தை.

எது பிடித்து நிறுத்துவது, எது இல்லை என்பதிலும் தெளிவு வேண்டும். சுவருக்கும் தலைக்கும் நடுவே ஒரு தலையணையை நுழைப்பது பிடிப்பது ஆகாது; அதைத்தான் முதலில் செய்யவேண்டும். முடியைப் பற்றிய விரல்களை இழுக்காமல், அவன் கையை நம் தலையோடு அணைத்தபடி நின்று பிடி தளரக் காத்திருப்பதும் தன்னைக் காத்துக்கொள்வதுதான். மற்றப் பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டு அவனுக்கு இடம் விடுவது பல நேரங்களில் போதும். ஆனால், எழுந்திருக்க முடியாதபடி முன்பலகை பூட்டிய நாற்காலியில் உட்காரவைப்பது, வேனில் அவனால் கழற்ற முடியாத பட்டை மாட்டுவது, அறையில் விட்டு வெளியே தாழ்ப்பாள் போடுவது, ஆசிரியர் வசதிக்காகத் தூக்க மாத்திரை கொடுப்பது ஆகிய அனைத்தும் கட்டுப்படுத்தலே. படிவத்தில் கையால் பிடிப்பதை மட்டும் எழுதிவிட்டு, தாழ்ப்பாளைப் பற்றி வாய் திறக்காத இடங்கள் உண்டு, கேளுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது என்றும் கேட்டிருந்தீர்கள். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியிடுவதை 95ஆம் பிரிவில் அடியோடு தடை செய்கிறது. 97ஆம் பிரிவு தனிமையில் அடைப்பதைத் தடை செய்து, உடனடியாக நேரப்போகும் தீங்கைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது மட்டும், பொறுப்பு மனநல மருத்துவரின் அனுமதியோடு, தேவைக்கு மேல் ஒரு கணமும் நீளாமல் உடலைக் கட்டுப்படுத்தலாம் என்கிறது. தண்டனையாகவோ ஆள் பற்றாக்குறையைச் சாக்காகச் சொல்லியோ செய்யக் கூடாது. முறையும் காரணமும் நேரமும் உடனே எழுதப்பட வேண்டும். 24 மணி நேரத்துக்குள் நோயாளியின் பிரதிநிதிக்குச் சொல்லவேண்டும். இந்தச் சட்டம் மனநல நிலையங்களுக்கானது. அறிவுசார் குறைபாட்டை மனநோய் என்ற வரையறைக்குள் அது சேர்க்கவும் இல்லை. ஆகவே, உங்கள் மகனின் பள்ளி நேரடியாக அதற்குள் வராது. ஆனாலும், மனநல மருத்துவமனைக்கே இவ்வளவு கட்டுப்பாடு இருக்கும்போது மருத்துவரே இல்லாத பள்ளிக்கு அதைவிடக் குறைந்த அளவுகோல் எப்படிப் பொருந்தும் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. நேரடியாகப் பொருந்துவது 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 6ஆம் பிரிவு. கொடுமையான, மனிதத்தன்மையற்ற நடத்தையிலிருந்து அவர்களைப் பாதுகாக்க அரசு நடவடிக்கை எடுக்கவேண்டும் என்கிறது அது. பள்ளியில் உடல் தண்டனையை 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு தடுக்கிறது. சொன்ன பேச்சைக் கேட்கவில்லை, நோட்டைக் கிழித்தான், நாற்காலியைத் தள்ளினான் என்பதற்காகப் பிடித்தால் அது தண்டனையே தவிரப் பாதுகாப்பு அன்று.

படிவத்துக்கு வருகிறேன். அதை அப்படியே திருப்பிக் கொடுத்துவிட்டு, அவர்களோடு உட்கார்ந்து மூன்று பக்கம் எழுதச் சொல்லுங்கள். முதல் பக்கம் முழுவதும் சாதாரண நாளைப் பற்றியது: எந்த ஒலி, எந்த இடம், எந்த வேலை அவனைக் கலக்குகிறது, அவற்றில் எதை மாற்றப்போகிறோம், "போதும்" என்று சொல்ல அவனுக்கு என்ன வழி கற்றுக்கொடுக்கிறோம். இரண்டாவது பக்கம் கலக்கம் தொடங்கும்போது தெரியும் அறிகுறிகள்: காது சிவப்பது, ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்வது, நடை வேகமாவது என்று அவனுக்கே உரியவை. அந்த நேரத்தில் பெரியவர்கள் குரலைத் தாழ்த்தி, பேச்சைக் குறைத்து, கேட்ட வேலையைக் கைவிட்டு, பக்கவாட்டில் தள்ளி நிற்கவேண்டும். இதை விட்டுக்கொடுப்பது என்று நினைக்கும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். வேலையை நாளைக்கும் செய்துகொள்ளலாம். மூன்றாவது பக்கத்தின் கீழ்ப்பாதியில்தான் பிடிப்பது வரவேண்டும்.

அந்தக் கீழ்ப்பாதியில் யார் பிடிப்பார்கள் என்பது பெயரோடு இருக்கவேண்டும். அவர்கள் நேரில் பயிற்சி பெற்றவர்களாக இருக்கவேண்டும். எப்படிப் பிடிப்பது என்பதை எழுத்தில் படித்துக் கற்றுக்கொள்ள முடியாது என்பதால் அதை நான் இங்கே விவரிக்கவில்லை. ஆனால், எந்தப் பயிற்சியாளர் சொன்னாலும் நீங்கள் ஏற்கக் கூடாதவை உண்டு: குப்புறப் போடுவது, மார்பு முதுகு வயிறு கழுத்து ஆகியவற்றில் எடை விழுவது, மூட்டை முறுக்கி வலியால் பணியவைப்பது, வாயையோ மூக்கையோ மூடுவது. பிடிப்பவர்களைத் தவிர ஒருவர், எங்கள் சமையல்கார அக்காவைப்போல, முகத்தையும் மூச்சையும் கடிகாரத்தையும் பார்ப்பதை மட்டுமே வேலையாகக் கொண்டிருக்கவேண்டும். அவர் "விடுங்கள்" என்றால் தலைமையாசிரியரானாலும் கையை எடுக்கவேண்டும். உடம்பு தளரத் தொடங்கியவுடன் பிடியும் தளரவேண்டும். "மன்னிப்புக் கேட்டால் விடுகிறேன்" என்பதெல்லாம் கூடாது. விட்டபின் தண்ணீர் கொடுத்து, உடம்பில் காயம் இருக்கிறதா என்று பார்த்து, அன்றே உங்களுக்குச் சொல்லவேண்டும். கொதிப்பு முழுவதும் இறங்க ஒரு மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம் என்பதால், எழுந்தவுடன் பழைய வேலையில் உட்காரவைத்தால் இரண்டாவது சுற்றுத் தொடங்கிவிடும்.

பதிவேட்டில் "அமைதியானான்" என்ற சொல்லை நம்பாதீர்கள். தொடங்கிய நிமிடம், முடிந்த நிமிடம், அதற்கு முன் முயன்று பார்த்தவை, மூச்சையும் நிறத்தையும் கவனித்தவரின் பெயர், அடுத்த முறை எதை மாற்றுவோம் என்ற ஒரு வரி ஆகியவை இருந்தால்தான் அது பதிவு. ஒவ்வொரு முறை பிடித்தபிறகும் இரண்டு மூன்று நாளுக்குள் கூடி அந்தக் கடைசி வரியைப் பேசவேண்டும். அந்தக் கூட்டத்துக்கு உங்களையும் கூப்பிடவேண்டும்.

மொழியைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டியிருக்கிறது, ஏனென்றால் எல்லைப் பக்கத்தில் இது சின்ன விஷயமில்லை. வீட்டில் நீங்கள் "உக்காரு சாமி" என்கிறீர்கள். பள்ளியில் "இரிக்கு மோனே" என்கிறார்கள். நமக்கு இரண்டும் புரியும். நாலைந்து சொல்லை வைத்துக்கொண்டு உலகத்தைச் சமாளிக்கும் பிள்ளைக்கு அவை இரண்டு வேறு கட்டளைகள். "போதும்" என்பதும் "மதி" என்பதும் அப்படியே. பள்ளியும் வீடும் உட்கார்ந்து, முக்கியமான ஏழெட்டுச் செய்திகளுக்கு ஒரே சைகையையோ ஒரே படஅட்டையையோ முடிவு செய்துகொள்ளுங்கள். "வேண்டாம்" இரண்டு மொழியிலும் ஏறக்குறைய ஒன்றாக இருப்பதால் அங்கிருந்து தொடங்கலாம். அவன் அந்த அட்டையைக் காட்டும்போது முதல் சில வாரங்களுக்கு எதுவாக இருந்தாலும் உடனே நிறுத்தவேண்டும். அட்டைக்கு மதிப்பில்லையென்றால் பல்லுக்குத் திரும்பிவிடுவான். அதுபோலவே, ஒப்புதல் படிவமும் திட்டமும் உங்களுக்குப் படிக்கத் தெரிந்த தமிழில் வேண்டும். வாசித்துக் காட்டி விளக்கினோம் என்பது போதாது. புரியாத தாளில் போட்ட கையெழுத்தை ஒப்புதல் என்று நான் கருதமாட்டேன்.

வீட்டு நிலையையும் நீங்கள் குறிப்பிட்டிருந்தீர்கள். நீங்கள் வேலைக்குப் போன நேரத்தில் அவனுடைய பாட்டி, அம்மிச்சி, அவனைத் துண்டால் ஜன்னல் கம்பியில் கட்டிவைத்திருந்ததாக எழுதியது எனக்கு அதிர்ச்சி தரவில்லை. 70 வயதில் தனியாக இருக்கும் ஒருவர், வளர்ந்த பையன் சாலைக்கு ஓடிவிடுவானே என்ற பயத்தில் செய்தது அது. அவரைத் திட்டவேண்டாம். ஆனால், கட்டுவது அன்றோடு நிற்கவேண்டும். துண்டு கழுத்தில் சுற்றிக்கொள்வதற்கும் தீயிலிருந்து ஓட முடியாமல் போவதற்கும் ஒரு கணம் போதும். முன்வாசலுக்கு உயரத்தில் ஒரு கொக்கி, அவன் திறந்தால் சத்தமிடும் மணி, பெரியவர் எளிதில் திறக்கக்கூடிய பூட்டு என்று வாசலைப் பாதுகாப்பது வேறு, பையனைக் கட்டுவது வேறு. கேரளத்துப் பெண்கள் சுயஉதவி அமைப்பான குடும்பஸ்ரீயோடு பஞ்சாயத்துகள் நடத்தும், அறிவுசார் குறைபாடு உடையவர்களுக்கான பட்ஸ் நிலையங்களில் மாலைவரை இடம் கிடைக்குமா என்று உங்கள் பஞ்சாயத்து உறுப்பினரிடம் கேளுங்கள். அம்மிச்சியின் தனிமைதான் அந்தத் துண்டுக்குக் காரணம்.

பள்ளி மூன்று பக்கத்தையும் எழுத ஒப்புக்கொண்டால் கையெழுத்துப் போடுங்கள். போடும்போது, இந்த ஒப்புதல் மூன்று மாதத்துக்கு மட்டுமே, அதற்குள் பிடித்த தடவைகளின் எண்ணிக்கையைக் காட்டினால்தான் புதுப்பிக்கப்படும் என்று உங்கள் கையால் தமிழில் ஒரு வரி சேர்த்து, தேதி இட்டு, ஒரு நகலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். எழுத மறுத்தால், உடனடி ஆபத்தில் மட்டுமே தொடலாம், ஒவ்வொரு முறையும் அன்றே தெரிவிக்கவேண்டும் என்று தனித் தாளில் எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு அலுவலக முத்திரை கேளுங்கள்.